மஞ்சள் கோட்டும் வெள்ளிக் கவசமும்

ஓய்வு பெற்றுவிட்ட என்னை, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் முன்னால் வந்து ஏதாவது பேசும்படி கேட்டார்கள். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால் எழுதித் தருகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தூக்கம் வரும் நேரத்தில் வாசித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதல் மாதத்திலேயே ஒரு விவாதத்தில் மாட்டிக்கொள்வார்கள். பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் விளையாட்டில், ஒருவர் தன்னுடைய கோட்டு, கேடயம், கவசம் இவற்றின் தோற்றத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ள விடலாமா, கூடாதா? ஆடுகிறவர்கள் பாஷையில் சொன்னால், ஸ்கின் வேண்டுமா வேண்டாமா? நீங்களும் இதற்காகக் கத்திச் சண்டை போடுவீர்கள். நானும் போட்டிருக்கிறேன். என்னிடம் அதற்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது. ஒரு வாரத்தில் நடந்த ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

நான் தக்கலையில் கல்யாண ஆல்பம் செய்யும் கடையில் இருந்து இந்தப் பக்கம் வந்தவள். அங்கே ஒரு மணப்பெண், அக்காவிடம் இரவல் வாங்கிக் கட்டிய புடவையை ஆல்பத்தில் மட்டும் வேறு நிறமாக்கித் தர முடியுமா என்று கூச்சத்தோடு கேட்டாள். மாற்றிக் கொடுத்தேன். ஆல்பத்தைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த சிரிப்பு எனக்குள் தங்கிவிட்டது. நாகர்கோவிலில் எங்கள் சிறிய விளையாட்டு நிறுவனத்தில் உடைப் பிரிவுக்கு நான் பொறுப்பானபோது, 'அவரவர் விருப்பப்படி உடுத்திக்கொள்ளட்டும்' என்று வாதாடிக்கொண்டே இருந்ததற்கு அந்தச் சிரிப்புதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கம் நின்றவர் எங்கள் தலைமை வடிவமைப்பாளர். பெயர் சொல்லவில்லை, சொன்னால் அவருக்குப் பிடிக்காது. மார்த்தாண்டத்துக்காரர். நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் விளையாட்டில் இரண்டு அணிகள் தீவுகளில் இறங்கி ஒரு மலையுச்சியைப் பிடிக்க வேண்டும். வலை வீசுகிறவனுக்கு இடுப்பில் கயிறு சுற்றிய கறுப்புக் கோட்டு. காயத்துக்கு மருந்து போடுகிறவனுக்கு வெள்ளை அங்கி. புதிதாக வருகிறவர்களுக்கு மழைக்கு மீனவர்கள் போடுவது போன்ற மஞ்சள் கோட்டு. "எதுத்தாப்புல வாறவன் என்ன செய்யப் போறான்னு பாத்த உடனே தெரியணும். அதுதான் நேர்மை" என்பார் சார்.

நான் பல மாதங்கள் நச்சரித்த பிறகு, அரை மனதோடு சம்மதித்தார். ஒருவர் எப்போதாவது சொந்தமாக வைத்திருந்த எந்த உடையின் தோற்றத்தையும், இப்போது போட்டிருக்கும் உடைக்கு மேல் ஏற்றிக்கொள்ளலாம். இதுதான் புதிய வசதி. அது வெளியான சில நாட்களில் நாகர்கோவிலில் ஒரு கல்லூரி அரங்கில் போட்டி வைத்தோம். அரங்கு நிறைந்திருந்தது. இறுதி ஆட்டத்தில் வெள்ளை அங்கி போட்ட ஒருவன் எதிரணிக்கு நடுவே சாவகாசமாக நடந்து போனான். மருந்துக்காரன் என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். உள்ளே இருந்தது வலைக்காரன். வலையை வீசினான். ஆட்டம் முடிந்தது.

தோற்ற அணி எழுந்து நின்று இது ஏமாற்று என்றது. பின்னால் நாற்காலிகள் சரிந்தன. மேடையில் கோப்பையோடு நின்ற கல்லூரிக்காரர்கள் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் சாரைப் பார்த்தோம்.

சார் ஒலிபெருக்கியை வாங்கினார். "இந்த ஆட்டம் செல்லாது. எல்லாரும் பழைய உடுப்புல மறுபடி ஆடுங்க" என்றார்.

ஜெயித்த அணியின் தலைவன் விடவில்லை. "நீங்க தந்த வசதிதானே சார். அதைத்தானே நாங்க எடுத்தோம்?"

"ஆமா. தப்பு எங்களுதுதான், உனக்க தப்பு இல்ல. ஆனா அதுக்காகக் கப்பு தர முடியாது."

மறுபடி ஆடினார்கள். அதே அணிதான் ஜெயித்தது. தோற்றவர்களே போய்க் கை கொடுத்தார்கள். கூட்டம் கலைந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் வண்டியில் திரும்பும்போது சார், "இந்த வாரம் கழிஞ்சு திங்கக்கிழமை அந்த வசதியை எடுத்திருவோம்" என்றார். நான் எதிர்த்துப் பேசினேன். "அப்பம் திங்கக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு காரணம் சொல்லு. நல்ல காரணமா இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் காலையிலேயே அழைப்பு வந்தது.

எங்கள் அலுவலகத்தில் குறைகளைக் கேட்க ஒரு தொலைபேசிதான் இருந்தது. அதை எடுக்கும் பெண் என்னிடம் வந்து, "அக்கா, ட்ரெஸ் பிரச்சினையாம். நம்ம ஊர்ப்பக்கம்தான், நீங்களே பேசுங்க" என்று நீட்டினாள்.

மறுமுனையில் ஒரு இளம்பெண். இராஜாக்கமங்கலத்தில் இருந்து பேசுவதாகச் சொன்னாள். சுஜா என்று வைத்துக்கொள்வோம். கணவன் வளைகுடாவில் வேலைக்குப் போய் வருடங்கள் ஆகின்றன. விடுமுறைக்கு வருவதாக இருந்தது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. சாயங்காலம் அவனுக்கு வேலை முடிந்ததும் இருவரும் எங்கள் விளையாட்டில் சந்தித்துக்கொள்வார்கள். சண்டைக்குப் போவதில்லை. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எல்லோரும் கூடுகிற துறைமுகத்தில், கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்றுகொண்டிருப்பார்கள். சில நேரம் கடற்கரையோரம் நடப்பார்கள்.

"வீடியோவில் பேசிக்கொள்ளலாமே?" என்று கேட்டேன்.

"பேசுவோம் அக்கா. சாப்பிட்டியளா, அம்மைக்கு எப்படி இருக்கு, அவ்வளவுதான். அதுக்குப் பொறவு ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துட்டே இருக்கணும். பேச்சு இல்லன்னா கஷ்டமா இருக்கும். இதுல அப்படி இல்ல. சும்மா பக்கத்துல நிக்கலாம்."

அவளுடைய குறை இதுதான். கணவன் ஆரம்பத்தில் கிடைத்த மஞ்சள் கோட்டைக் கடைசிவரை மாற்றவில்லை. போட்டி, சண்டை என்று போகாதவனுக்கு வேறு கோட்டு எதற்கு? இப்போது திடீரென்று அவன் முகம் மூடிய வெள்ளிக் கவசத்தில் வருகிறான். நாங்கள் ஏதோ செய்து கெடுத்துவிட்டோம். பழைய கோட்டைத் திருப்பித் தர வேண்டும்.

"தலைக்கு மேல அவர் பேர் தெரியுமே, சுஜா."

"பேரு எல்லாருக்குந்தான் இருக்கு. அதைக் கிட்டப் போயி வாசிக்கணும். கோட்டுன்னா தூரத்துலயே தெரியும் அக்கா. கூட்டத்துல அந்த மஞ்ச வருகது தெரிஞ்சா எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி இருக்கும். இப்பம் வாறது யாரோ மாதிரி இருக்கு."

எங்கள் புதிய வசதி யாருடைய தோற்றத்தையும் தானாக மாற்றாது. அவரவர் கையால் தேர்ந்தெடுத்தால்தான் மாறும். வெள்ளிக் கவசத்தை அவள் கணவனே விரும்பி எடுத்துப் போட்டிருக்கிறான். அதை அவன் அவளிடம் சொல்லவில்லை. இப்போது நான் சொல்லலாமா?

"பார்த்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன்.

பக்கத்து மேசையில் இருந்த நிரல் எழுதும் தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "ஒரு நிமிஷ வேலைக்கா. நாம இங்கிருந்தே மஞ்சளாக்கிருவோம். அவருக்கு ஏதோ கோளாறுன்னு தோணும், அவங்களுக்கும் சந்தோஷம்" என்றான். நல்ல மனதோடு சொன்னதுதான். உங்களுக்கும் ஒருநாள் இப்படித் தோன்றும். நம் கையில் இருக்கும் அதிகாரம் அப்படிப்பட்டது. ஒருவர் அசந்திருக்கும்போது அவர் சட்டையைக் கழற்றி வேறு சட்டை மாட்டிவிட முடியும், அவருக்குத் தெரியவே தெரியாது. நான் வேண்டாம் என்றேன்.

சாரிடம் சொல்வதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். சொன்னால் என் வாதம் தோற்கும். வசதியை எடுத்துவிட்டால் மஞ்சள் கோட்டு தானாகத் திரும்பிவிடும், சுஜா கேட்டது அதுதானே. ஆனாலும் மறைத்து வைத்து ஜெயிக்க மனம் வரவில்லை. போய்ச் சொன்னேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்தியா? ஒரு பிள்ளைக்க மாப்பிளைய நாம தூக்கிட்டு வந்திருக்கோம்" என்றார். பிறகு, "அவனிட்ட கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லை. அவனுடைய கணக்குக்கு ஒரு செய்தி அனுப்பினேன். புதிய வசதி பற்றிப் பலரிடமும் கருத்துக் கேட்கிறோம், பேச விருப்பமிருந்தால் அழைக்கலாம் என்று. சுஜாவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. சும்மா பெயருக்காக இல்லாமல், அன்று வேறு சிலருக்கும் அதே செய்தியை அனுப்பி உண்மையாகவே கருத்துக் கேட்டேன்.

அவன் மறுநாளே அழைத்தான். பின்னால் லாரிகளின் இரைச்சல்.

"மேடம், அந்த ட்ரெஸ் மாத்துகதை எடுக்கப் போறியளாம்னு இங்க பயலுவ சொல்லுகானுவ. எடுத்துராதீங்க."

"உங்களுக்கு அது அவ்வளவு பிடித்திருக்கிறதா?"

அவன் லாரி இரைச்சலில் இருந்து தள்ளிப் போய்ப் பேசினான்.

"நான் கீரிப்பாறையில ரப்பர் பால் வெட்டிட்டு இருந்தவன் மேடம். இங்க ரோட்டு வேலை. லாரிக்கு கொடி காட்டணும். காலையில இருந்து மஞ்சக் கோட்டுதான் போட்டுட்டு நிக்கேன். தூரத்துல வாற வண்டிக்கு ஆளு நிக்குன்னு தெரியணும்லா, அதுக்கு அந்த மஞ்ச. வீட்டுல சொல்லல. ஏசி ரூம்ல ஸ்டோர் பாக்கேன்னு சொல்லிருக்கேன். சாயங்காலம் அவளைப் பாக்க வாறப்பவும் அதே மஞ்சயத்தான் போடணுமா? எனக்குப் புடிக்கல. வேற கோட்டு வாங்கணும்னா சண்டைக்குப் போணும், எனக்கு அதுக்கு எங்க நேரம்? இது வந்த அன்னைக்கு, ஒரு தடவை பரிசாக் கிடைச்ச வெள்ளிக் கவசம், சண்டைக்குப் போறவன்தான் போட முடியும்னு சும்மா கெடந்தது ஞாபகம் வந்துது. அதை எடுத்து மாட்டிட்டேன். கொள்ளாம்லா?"

"நல்லா இருக்கு" என்றேன்.

"அவ ஒண்ணும் சொல்லல. ஆனா அவளுக்கும் புடிச்சிருக்கும்" என்றான்.

தொலைபேசியை வைத்த பிறகு வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை. தூரத்திலேயே தெரியும் என்று இருவருமே ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். ஒருத்தி அதற்காக ஏங்குகிறாள், ஒருவன் அதில் இருந்து ஓடுகிறான். இரண்டையும் கேட்டவள் நான் ஒருத்தி. இரண்டையும் சொல்ல முடியாதவளும் நான்தான்.

சுஜா திரும்ப அழைத்தபோது, நிறுவனத்தின் விதியை மட்டும் சொன்னேன். "அவருடைய உடையைப் பற்றி அவர் கேட்டால்தான் நாங்கள் தொட முடியும், சுஜா. நீங்களே அவரிடம் பேசிப் பாருங்கள்."

அவள் புத்திசாலி. "அப்பம் நீங்க ஒண்ணும் செய்யலியா? அவருதான் மாத்தினாரா?"

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. "சரி அக்கா" என்று வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் விளையாட்டில் அவனுக்குக் கோபமாக எழுதியிருக்கிறாள், ஏன் மாத்தினீங்க, என்னிட்ட ஏன் சொல்லல என்று. அவன் பதில் சொல்லாமல் வெளியேறிவிட்டான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வீடியோவில் அழைத்தால் வேலை இருக்கிறது என்று சுருக்கமாக முடித்தான். அவள் எனக்கு அழைத்து இதைச் சொன்னபோது குறை எதுவும் சொல்லவில்லை. "விளக்குக்க அடியில நிக்கேன் அக்கா. எல்லாரும் வாறாங்க, போறாங்க. அவரு மட்டும் வரல" என்றாள். அவ்வளவுதான். கோட்டு வேண்டும் என்று அவள் பிறகு கேட்கவே இல்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு யோசனை வந்தது. பார்க்கிறவரே தன் திரையில் அடுத்தவர் எப்படித் தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் என்ன? அவன் திரையில் அவன் வெள்ளியில் இருப்பான். அவள் திரையில் அதே ஆள் மஞ்சளில் வருவான். யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். தொழில்நுட்பத்தில் அது கடினமும் இல்லை. பேர் எதுவும் சொல்லாமல், அவனுக்கு அந்த வெள்ளிக் கவசம் வேண்டும் என்பதை மட்டும் சொல்லி, சாரிடம் விவரித்தேன். இதுதான் நான் தரும் காரணம், இதுதான் தீர்வு என்று பெருமையோடு நின்றேன்.

அவர் உடனே மறுக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய், கீழே சாலையில் பஸ்கள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்கு ஒண்ணு காட்டுவோம். அவளுக்கு வேற ஒண்ணு காட்டுவோம். சரி. அப்பம் ரெண்டு பேரும் சந்திக்கது எங்க வச்சு?" என்றார்.

சார் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "வசதியை எடுத்தா அவனுக்கு நோவும். வச்சா அவளுக்கு நோவும். நீ திங்கக்கிழமை வா" என்றார். குரலில் பிடிவாதம் குறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. சனிக்கிழமை காலையில் சுஜா அழைத்தாள். நான் கேட்பதற்கு முன்னால் அவளே சொல்லத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உள்ளே போகும்போது அவளுக்குத் திடீரென்று தோன்றியிருக்கிறது. மஞ்சள் கோட்டு தனக்கும் ஆரம்பத்தில் கிடைத்ததுதானே? எப்போதோ கழற்றிப்போட்டது. புதிய வசதியில் தேடிப் பார்த்தாள். இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு விளக்கின் அடியில் போய் நின்றாள்.

"ஏன் அப்படிச் செய்தீர்கள்?"

"அவரு வந்தா தூரத்துலயே என்னைத் தெரியட்டும்னுதான். அவரைக் கண்டா எனக்கு எப்படி இருந்துதோ, அப்படி அவருக்கும் இருக்கட்டும்னு."

அவன் வந்தான். வெள்ளிக் கவசத்தோடு, கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்றான். வெகுநேரம் நகரவில்லை. பிறகு பக்கத்தில் வந்து எழுதினான்: நீ எதுக்கு இதைப் போட்டே?

அவள் எழுதினாள்: உங்களுக்கு வேண்டாம்னா எனக்கு இருக்கட்டும்.

அவன் விளையாட்டை விட்டு வெளியேறி, தொலைபேசியில் அழைத்தான். ரோட்டு வேலையை, கொடியை, காலையில் மாட்டினால் சாயங்காலம் வரை கழற்ற முடியாத மஞ்சள் கோட்டை, எல்லாவற்றையும் சொன்னான். ஏசி அறை என்று சொன்னது பொய் என்றான். அழுதிருப்பான் போல. அவள் அதை என்னிடம் நேராகச் சொல்லவில்லை, "சளி புடிச்சிருக்குன்னாரு" என்றாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்ல? அப்பம் நான் இத்தனை நாளும் சரியான ஆளைத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன்னு சொன்னேன்."

நான் தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினேன். அலுவலகத்தில் என்னைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்தார்கள்.

"இனி மஞ்சக் கோட்டா, வெள்ளியா?" என்று பிறகு கேட்டேன்.

"அவரு வெள்ளியில வரட்டும் அக்கா. அவருக்கு அது ஆசை. மஞ்ச நான் போட்டுக்கிடுகேன்."

"இதை நான் என் சாரிடம் சொல்லலாமா? பின்னால் வேறு யாரிடமாவது?"

"பேரு சொல்லாம சொல்லுங்க."

திங்கட்கிழமை சாரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டு முடித்ததும் அவர் தண்ணீர் குடித்தார். "போட்டி நடக்க எடத்துல யாரும் யாரையும் ஏமாத்தக் கூடாது. அங்க பழைய தோற்றம்தான். அதுல நான் மாற மாட்டேன்" என்றார். "துறைமுகத்துல அவியவிய இஷ்டம்." வாசல் வரை போன என்னைத் திருப்பிக் கூப்பிட்டு, "அந்த மஞ்சக் கோட்டை யாரும் கழிச்சுக் கட்டிராம பாத்துக்கோ. எப்பவும் எல்லாருக்கும் கிடைக்கணும்" என்றார்.

அந்த ஏற்பாடுதான் இன்றும் நீங்கள் வேலை செய்யும் விளையாட்டில் இருக்கிறது. ஆவணத்தில் அதற்கு வறட்சியான நாலு வரி விளக்கம்தான் இருக்கும். ஏன் என்று யாராவது கேட்டால், இனி உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். ஒருவர் வந்து தன் தோற்றத்தை மாற்றித் தரக் கேட்டால், சும்மா பகட்டு என்று நினைக்காதீர்கள். மாற்றாதே என்று இன்னொருவர் கேட்டால், பழமைவாதி என்றும் நினைக்காதீர்கள். அந்தக் கோட்டுக்குள் யார் இருக்கிறார், அதை யார் தூரத்தில் நின்று பார்க்கிறார் என்று நமக்குத் தெரியாது. தெரியாதபோது அவர்கள் சார்பில் நாம் கையை வைக்கக் கூடாது. நான் அந்த வாரம் செய்த ஒரே உருப்படியான காரியம், செய்யக்கூடிய ஒன்றைச் செய்யாமல் இருந்ததுதான். வழி கண்டுபிடித்தது சுஜா.

பிறகு ஒரு மாலையில், வேலை முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், சாதாரண ஆட்டக்காரியாகத் துறைமுகத்துக்குள் போய்ப் பார்த்தேன். கலங்கரை விளக்கத்தின் அடியில் இரண்டு பேர் கடலைப் பார்த்து நின்றிருந்தார்கள். ஒன்று வெள்ளி, ஒன்று மஞ்சள். எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. நான் கிட்டப் போய்ப் பெயரை வாசிக்கவில்லை. திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு சுஜாவிடம் இருந்து அழைப்பு வரவில்லை. அவன் ஊருக்கு வந்துவிட்டானா, இன்னும் கொடி காட்டிக்கொண்டிருக்கிறானா, எனக்குத் தெரியாது. விசாரிக்கும் உரிமையும் எனக்கு இல்லை. நன்றாக இருக்கிறவர்கள் நம் எண்ணுக்கு அழைப்பதில்லை, நம் தொழிலில் அதுதான் நல்ல செய்தி. அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் ஓய்வு பெற்ற பிறகு, ஏதாவது வேலையாக இராஜாக்கமங்கலம் பக்கம் பஸ்ஸில் போனால், பின் இருக்கையில் ஒரு பெண் யாரிடமாவது "சும்மா பக்கத்துல இரியேன்" என்று சொல்வது கேட்டால்கூடத் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். அவள் முகம் எனக்குத் தெரியாது. குரலை மட்டும் வைத்துக்கொண்டு தேடுகிறேன். பக்கத்தில் யாராவது ஆண் இருக்கிறானா என்றும் பார்ப்பேன். இருந்தால், அது அவளாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, என் நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன்.